“குளுக்கோஸ்தான் ஏறுதே, போதாதா?”

தலையில் அடிபட்டவர் ஐ.சி.யு.வுக்குள் நினைவில்லாமல் கிடக்கிறார். வெளியே வராந்தாவில் சொந்தக்காரர்கள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா, “புள்ள மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலையே” என்று அழ ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் தேற்றுவார்: “குளுக்கோஸ்தான் ஏறுதே பெரியம்மா, அது போதும்.” தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. இருவரில் சரியாகப் பேசுவது பெரியம்மாதான்.

தொங்குகிற அந்த அரை லிட்டர் பாட்டிலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அதில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. உடம்புக்குக் கிடைப்பது சுமார் 85 கலோரி. ஒரு இட்லியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். புரதம் பூஜ்யம். அதோடு, கடுமையான தலைக்காயத்தில் இந்தப் பாட்டிலை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்த்துவிடுவார்கள். சர்க்கரை எரிந்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர்; அது ஏற்கெனவே வீங்கிக்கிடக்கும் மூளைக்குள் இறங்கி வீக்கத்தைக் கூட்டிவிடும். ஆகவே, சொந்தக்காரர்கள் குளுக்கோஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நார்மல் சலைன் என்கிற உப்புநீர். அதில் கலோரி என்று எதுவுமே கிடையாது. பாட்டில் பாட்டிலாக இறங்கிக்கொண்டிருக்கும், ஆள் பட்டினி கிடப்பார்.

2022-ஆம் ஆண்டில் தமிழகச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இந்திய அளவில் அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்து ஓட்டுகிற ஊரில், இதில் தலைக்காயம் எவ்வளவு இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இங்கே தொடங்கியது. ரத்தக்கசிவை நிறுத்துவது, மண்டையோட்டைத் திறப்பது, வென்டிலேட்டர் போடுவது எல்லாம் அந்த நேரத்துக்குள் நடக்கின்றன. அதே 48 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் தொடங்கியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது: சாப்பாடு.

படுத்தபடி ஓடும் உடம்பு

தலைக்காயத்தின் கடுமையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலை 1974-இல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கினார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 15, ஒன்றுமே இல்லையென்றாலும் 3. எட்டோ அதற்குக் கீழோ வந்தால் கடுமையான காயம். இந்தக் கட்டுரை பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

இதே கிளாஸ்கோ நகரில்தான், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிர்வேதியியலாளர் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து நைட்ரஜனை அளந்துகொண்டிருந்தார். உடைந்தது ஒரு கால் எலும்பு. ஆனால் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது உடம்பு முழுவதிலும் இருந்து கரைந்த தசை. அடிபட்ட உடம்பு தன்னைத்தானே தின்கிறது என்பதற்கு எண்களில் கிடைத்த முதல் சாட்சியங்களில் அது ஒன்று.

தலைக்காயத்தில் இந்தக் கரைச்சல் இன்னும் மோசம். மூளை அடிபட்டதும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் கொட்டுகின்றன. அசையாமல் படுத்திருப்பவரின் உடம்பு, சாதாரணமாக ஓய்வில் செலவழிப்பதைப் போல 140 சதவீதம் வரை சக்தியை எரிக்கிறது. காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினால் அதற்குமேல் பத்து சதவீதம் போலக் கூடும். வலிப்பு வந்தாலும், சிலருக்கு வருகிற அந்த வியர்த்துக்கொட்டி உடம்பு முறுக்கிக்கொள்ளும் நிலையிலும் இன்னும் எகிறும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து வைத்திருந்தால் செலவு இயல்பு அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே திங்கட்கிழமை போட்ட கணக்கு வியாழக்கிழமைக்குச் செல்லாது.

புரதத்தின் கதை இன்னும் கொடூரம். நாளொன்றுக்கு 20 கிராம் நைட்ரஜன் சிறுநீரில் போவது இவர்களிடம் சாதாரணம். ஒரு கிராம் நைட்ரஜன் என்பது சுமார் 30 கிராம் தசைக்குச் சமம். அதாவது தினம் அறுநூறு கிராம் சதை கரைகிறது. தொடையிலும் புஜத்திலும் குறைவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் குறைவது உதரவிதானம். மூச்சை இழுக்கும் தசை மெலிந்துவிட்டால் மூளை வீக்கம் வடிந்த பிறகும் வென்டிலேட்டரிலிருந்து பிரிக்க முடியாது; பிரிக்க முடியாத ஒவ்வொரு நாளும் நிமோனியாவுக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான்.

எவ்வளவு கொடுத்தாலும் முதல் ஓரிரு வாரங்களில் இந்தக் கரைச்சலை முழுதாக நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். அந்தக் குறைப்பில்தான் உயிர்கள் தங்குகின்றன என்பதை உலகம் தாமதமாகவே கவனித்தது. 1983-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் 38 தலைக்காய நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ரத்தக்குழாய் வழியே முழு உணவு. மற்றதற்கு வழக்கம்போல மூக்கு டியூப். பதினெட்டு நாட்களுக்குள் டியூப் பிரிவில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள், மற்றதில் ஒருவர்கூட இல்லை. ரத்தக்குழாய் உணவுதான் உசத்தி என்று முதலில் தோன்றியது. ஆனால் உள்ளே போன அளவைப் பாருங்கள்: அங்கே நாளுக்குச் சராசரி 1,750 கலோரி, டியூப் பிரிவில் வெறும் 685. வழி வேறு என்பதைவிட வயிறு காய்ந்தது என்பதே பெரிய வித்தியாசம்.

2008-இல் நியூயார்க் மாநிலத்தின் 22 விபத்துச் சிகிச்சை மையங்களிலிருந்து ரோஜர் ஹார்ட்ல் குழுவினர் 797 பேரின் தகவலைத் திரட்டினார்கள். முதல் ஐந்து நாட்களுக்கு உணவு தொடங்காதவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. ஏழு நாட்களுக்குத் தொடங்காதவர்களுக்கு நான்கு மடங்கு. ரொம்ப மோசமாக இருந்தவர்களுக்குத்தான் உணவு தொடங்க முடிந்திருக்காது, ஆகவே பழி முழுவதையும் பட்டினி மேல் போட முடியாது என்று ஒருவர் வாதாடலாம், நியாயமான வாதம்தான். இருந்தும் அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டி அசையவில்லை: ஐந்தாம் நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஏழாம் நாளுக்குள், அடிப்படைத் தேவை முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். அதை எட்ட முதல் ஓரிரு நாளிலேயே சொட்டுச் சொட்டாகத் தொடங்கிவிட வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து, அதைத் தூக்கிப்பிடிக்கும் மருந்துகள் அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருப்பார்கள்.

மூக்கு வழியா, வாய் வழியா?

குடல் வேலை செய்தால் குடலையே பயன்படுத்து என்பது இன்றைய ஐ.சி.யு.க்களின் பாலபாடம். ஆனால் தலைக்காயத்தில் இரைப்பை ஒத்துழைக்காது. மூளைக்குள் அழுத்தம் கூடினால் இரைப்பை மந்தமாகிவிடும். வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் வகை மருந்துகள் இன்னும் மந்தமாக்கும். ஊற்றியது இறங்காமல் எதிர்த்து வந்தால் நேரே நுரையீரல்தான். அதனால் தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பார்கள். மூளை அழுத்தத்துக்கும் அது நல்லது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்தால் இரைப்பையைத் தூண்டிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டியூபை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் இறக்குவார்கள். நிமோனியா குறைய இந்த வழி உதவும் என்று மேற்சொன்ன வழிகாட்டியும் சொல்கிறது.

நம் ஊரில் எல்லோரும் ரைல்ஸ் டியூப் என்று சொல்கிற குழாய், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி மருத்துவர் ஜான் ஆல்ஃபிரட் ரைல் 1921-இல் அறிமுகப்படுத்தியது. நூறு வருடப் பழக்கம் என்பதால் மூக்கில் சொருகுவதைச் சாதாரண வேலையாகவே நினைக்கிறோம். தலைக்காயத்தில் அப்படி நினைக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிக் கருரத்தம் கட்டியிருந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தால், மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருக்கலாம். அந்த உடைப்பு வழியாக டியூப் மூளைக்குள்ளேயே ஏறிவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அத்தகையவர்களுக்கு வாய் வழியாகப் போடுவதே வழக்கம். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, சிரிஞ்சால் காற்றடித்து, சத்தம் கேட்டு ‘சரியா இருக்கு’ என்கிற பழைய சோதனையையும் இப்போது நம்புவதில்லை. டியூப் நுரையீரலுக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது உறிஞ்சிய திரவத்தின் அமிலத்தன்மையைச் சோதிக்க வேண்டும். தப்பான இடத்தில் இருக்கும் டியூபில் உணவை ஊற்றுவதை, நடக்கவே கூடாத தவறுகளின் பட்டியலில் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை வைத்திருக்கிறது.

எழுதியது எவ்வளவு, போனது எவ்வளவு

அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1,500 முதல் 1,800. கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்றால் புரதம் 90 கிராம். ஆஸ்பத்திரி ஃபார்முலா பால் ஒரு மில்லியில் ஒரு கலோரி தரும். மணிக்கு எழுபது மில்லி ஓடினால் கணக்கு முடிந்தது. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது.

நடப்பது வேறு. காலை ஆறு மணிக்கு சி.டி. ஸ்கேன், ஃபீடை நிறுத்து. ஸ்கேன் எட்டரைக்கு. திரும்பி வந்து யாரோ ஞாபகமாக மறுபடி ஓடவிடும்போது பத்து. மதியம் கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைக்க வேண்டும், ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தியேட்டரில் எமர்ஜென்சி வந்துவிட்டதால் மாலைக்குத் தள்ளிப்போட்டார்கள். இரவில் வயிற்றில் கொஞ்சம் தேங்கியிருக்கிறது, இரண்டு மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம். எல்லாம் தனித்தனியே பார்த்தால் நியாயமான காரணங்கள். மொத்தம் கூட்டினால் நோயாளிக்கு எழுதியதில் பாதியோ கொஞ்சம் மேலோதான் போயிருக்கும். உலகம் முழுக்க ஐ.சி.யு.க்களில் இதுதான் நிலவரம். இதற்குக் கனடாவிலிருந்து வந்த எளிய மாற்று ஒன்று இருக்கிறது: மணிக்கு இவ்வளவு என்று எழுதாமல் நாளுக்கு இவ்வளவு என்று எழுதுவது. நான்கு மணி நேரம் நின்றுபோனால் மிச்ச நேரத்தில் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டும் அதிகாரம் நர்ஸ் கையில். மிஷின் வாங்க வேண்டாம், மருந்து வாங்க வேண்டாம். கேஸ் ஷீட்டில் ஒரு வரி மாறினால் போதும்.

வலிப்பு மருந்து ஒன்றும் இதில் குறுக்கே வருகிறது. பெனிட்டாயினை டியூபில் கொடுக்கும்போது ஃபீடும் சேர்ந்து ஓடினால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. அதனால் மருந்துக்கு முன்பும் பின்பும் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபீடை நிறுத்துவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் எத்தனை மணி நேரம் போகிறது என்று பாருங்கள். ஊசியாகப் போடலாம், அல்லது மிச்ச நேரத்தின் வேகத்தைத் திருத்தி எழுதலாம். யாராவது யோசித்தால்.

குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அவசரமும் ஆபத்து. நெடுநாள் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குள் திடீரென்று முழு உணவு போனால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சடாரென்று விழும், இதயம் தடுமாறும். அவர்களுக்கு முதலில் தயமின், பிறகு மெதுவாக உணவு. சர்க்கரை விஷயத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. 2001-இல் பெல்ஜியத்தின் லூவனில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, ஐ.சி.யு. நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையை இன்சுலினால் 110-க்குள் இறுக்கிப் பிடிப்பது உலக நாகரிகமானது. 2009-இல் ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற நைஸ்-சுகர் ஆய்வு, அப்படி இறுக்கியவர்களிடம்தான் மரணம் கூடுதல் என்று காட்டியது. அடிபட்ட மூளை சர்க்கரைத் தட்டுப்பாட்டைத் தாங்காது. இப்போது 180-க்குள் இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

ஆறு டம்ளர் கஞ்சி

மூன்று வாரமோ நான்கு வாரமோ கழித்து, கண் திறந்து ஆனால் விழுங்கத் தெரியாத நிலையில், மூக்கு டியூபோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கிருந்து ஐ.சி.யு. ஒரு மனைவியின் கைக்கோ ஒரு அம்மாவின் கைக்கோ மாறுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ‘ஆர்.டி. (ரைல்ஸ் டியூப்) ஃபீட், 200 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்று இருக்கும். எதை 200 மில்லி என்று இருக்காது.

டியூப் அடைத்துக்கொள்ளுமே என்ற பயத்தில் அம்மா கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுவார், துணியில் வடிகட்டுவார். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் பதினைந்து கிராம் அரிசி இருந்தால் அதிகம். ஐம்பது கலோரி, ஒரு கிராம் புரதம். நாளுக்கு ஆறு டம்ளர் என்றால் முந்நூறு கலோரி, ஆறு கிராம் புரதம். தேவை 1,500-க்கு மேல், புரதம் 90. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, ஒரு வேளை தவறாமல் ஊற்றியும் பையன் எலும்பும் தோலுமாகிறான். முதுகில் படுக்கைப்புண் விழுகிறது. ‘கண்ணு பட்டுடுச்சு’ என்கிறார்கள்.

அதே அடுப்பில் வேறு கணக்கும் சாத்தியம். 200 மில்லி பாலில், வறுத்து நைசாக அரைத்த பொட்டுக்கடலை மாவு இருபது கிராம், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்துக் காய்ச்சினால் ஏறத்தாழ 290 கலோரி, பத்து பதினொரு கிராம் புரதம். ஆறு வேளைக்கு 1,700 கலோரி சொச்சம். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஐந்தாறை மிக்ஸியில் அடித்து வடிகட்டிச் சேர்த்தால் புரதம் 85 கிராமை எட்டிவிடும். பச்சை முட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டயட்டீஷியன் இதைத் தலைகீழாக மாற்றுவார்.

மாவு கூடினால் கெட்டியாகுமே என்பதற்கும் நம் பாட்டிமார்களிடம் விடை இருந்திருக்கிறது. முளைகட்டி, காயவைத்து, அரைத்த கேழ்வரகு மாவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கெட்டிக் கஞ்சி கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இந்த மாவில் ஒரு டீஸ்பூன் கலக்கினால், மாவுச்சத்துச் சங்கிலிகள் அறுந்து சில நிமிடங்களில் கஞ்சி தண்ணீராக ஓடும். சத்து அப்படியே இருக்கும். நொதி வேலையை முடித்ததும் இன்னொரு கொதி விட்டு ஆறவைத்துவிடலாம். குழந்தைகளுக்கான இணை உணவுக்காக இந்தியாவில் நிறைய ஆராயப்பட்ட உத்தி இது. மூக்கு டியூபுக்கும் அச்சாகப் பொருந்தும்.

ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. தலைமாட்டை உயர்த்த வேண்டும். மூக்கருகே டியூபில் போட்ட அடையாளம் நகரவில்லையே என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, தானாக இறங்கும்படி தூக்கிப்பிடிக்க வேண்டும்; அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் ஆறவைத்த வெந்நீர் முப்பது மில்லி விட வேண்டும். முடிந்ததும் ஒரு மணி நேரமாவது படுக்க வைக்காமல் இருக்க வேண்டும். நடுவில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலை வரை வைத்து ஊற்றினால் பேதிதான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாங்கி வரும் இளநீர் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பானம்தான், ஆனால் அதில் சோடியம் குறைவு. தலைக்காயத்துக்குப் பிறகு பலருக்கு ரத்தத்தில் சோடியம் விழும். அந்த நேரத்தில் டாக்டரைக் கேட்காமல் இளநீரும் வெறும் தண்ணீரும் தாராளமாக ஊற்றுவது வீக்கத்தை வரவேற்பது. ‘மூளைக்கு டானிக்’ என்று நம்பி வாங்கப்படும் சிட்டிகோலின் பற்றியும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1,213 பேருக்கு 90 நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த வகையிலும் அவர்கள் தேறவில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

நான்கு வாரத்துக்கு மேல் டியூப் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் நேரடியாக ஒரு குழாய் வைத்துவிடலாம். எண்டோஸ்கோப்பி மூலம் கத்தி அதிகம் இல்லாமல் செய்யும் இந்த முறை 1979-இல் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் செய்யப்பட்டது. ‘வயித்துல ஓட்டையா?’ என்று நம் ஆட்கள் மிரள்கிறார்கள். மூக்கு டியூபைக் குழப்பத்தில் பிடுங்கி எறிந்து, கையைக் கட்டிவைத்து, மறுபடி போட ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து ஓடிய குடும்பங்கள் இரண்டாவது மாதத்தில் சம்மதித்துவிடுகின்றன.

ஒரு வாய் காபி

ஆள் சிரிக்கிறார், பெயர் சொல்கிறார். உடனே ஒரு வாய் காபி கொடுத்துப் பார்க்க எல்லோருக்கும் கை பரபரக்கும். விழுங்குவதற்குத் தண்ணீரும் காபியும்தான் கடினமானவை. தொண்டை மூடுவதற்குள் சரிந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலைக்காயத்தில் இருமல் அனிச்சையும் மங்கியிருப்பதால், உள்ளே போவது வெளியே தெரியாது. ‘இருமலையே, நல்லாத்தானே குடிச்சார்’ என்று சொல்லி மூன்றாம் நாள் காய்ச்சலோடு வருவார்கள். பேச்சுப் பயிற்சியாளர் என்று நாம் நினைக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட்டின் பெரிய வேலையே இங்கேதான். விழுங்கும் திறனைச் சோதித்து, எந்தக் கெட்டியில் தொடங்கலாம் என்று அவர் சொல்வார்.

அந்தக் கெட்டியை வீட்டிலேயே அளக்கலாம். சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட முறை ஒன்றுக்குத் தேவை ஒரு பத்து மில்லி சிரிஞ்சு, கடிகாரம். தண்டைக் கழற்றி, முனையை விரலால் அடைத்து, பத்து மில்லிவரை கஞ்சியை நிரப்பி, விரலை எடுத்து, சரியாகப் பத்து நொடியில் மறுபடி அடைக்க வேண்டும். ஒன்று முதல் நான்கு மில்லி மிச்சம் இருந்தால் லேசான கெட்டி. நான்கிலிருந்து எட்டு என்றால் அடுத்த நிலை. எட்டுக்கு மேல் என்றால் நல்ல கெட்டி. ஸ்பூனில் தொடங்கும்போது மசித்துக் குழைத்த தயிர்சாதம் சுலபம். நிறைய சாம்பாரில் மிதக்கும் இட்லி மிருதுதான், ஆனால் திப்பியும் தண்ணீரும் கலந்து வாய்க்குள் இரண்டு வேகத்தில் ஓடுவதால் ஆரம்பத்தில் வேண்டாம். தேவையில் முக்கால் பங்கை வாயாலேயே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகுதான் டியூபை எடுப்பது பாதுகாப்பு.

டியூப் போன பிறகும் சாப்பாட்டுப் பிரச்சினை முடிவதில்லை, திசை மாறுகிறது. நெற்றிப்பக்கம் பலமாக அடிபட்டவர்களில் சிலருக்கு வாசனையே போயிருக்கும். மீன் குழம்பும் ரசமும் வெந்நீரும் ஒன்றுதான். ‘என்ன சமைச்சே?’ என்று தட்டைத் தள்ளிவிட்டால் சமைத்தவர் மேல் கோபம் இல்லை. வேறு சிலர், சாப்பிட்டதையே மறந்து, போதும் என்ற உணர்வும் இல்லாமல், பத்து நிமிடத்தில் மறுபடி சமையலறைக்குள் நிற்பார்கள். பட்டினியில் இழந்த எடை போல ஒன்றரை மடங்கு ஏறிவிடும். இன்னும் சிலர் எவ்வளவு சாப்பிட்டாலும் தேறமாட்டார்கள், எப்போதும் அசதி. பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்குவதால் குலுக்கலில் அடிபட்டிருக்கலாம். தலைக்காயம் பட்டவர்களில் கால்வாசிப் பேருக்குச் சற்றே மேல் இது ஏதோ ஓர் அளவில் நேர்கிறது என்று 2007-இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டப் போகும்போது எடையை எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டும் காலைக் கார்ட்டிசாலும் பார்க்க வேண்டுமா என்று நீங்களாகக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இது அநேகமாக இருக்காது.